கத்தரி படாத நூல்

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. கோயில் சுவரில் குழந்தையைத் தோளில் சுமந்து நிற்கும் புனிதர்மீது ஆணை. ஏரியின்மீது ஆணை. இரண்டும் போதாது என்பவர்களுக்கு, நேரில் பார்த்த எருமையின்மீது ஆணை.

எருமை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எலியூத்தேரியோ உயிரோடிருந்த காலத்தில் பக்கத்துத் தெரு எருமைக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. கிட்டே போனவர்களையெல்லாம் முட்டியது. எலியூத்தேரியோ வேலிக்கு இந்தப் பக்கம் நின்று யோயோவை ஒரே வீச்சு வீசினார். நூல் பல்லைச் சுற்றியது, யோயோ பல்லோடு கைக்குத் திரும்பியது. அன்றிலிருந்து அந்த எருமை அவரைக் கண்டால் தலை குனியும். மரியாதையா, பயமா என்று அது யாரிடமும் சொன்னதில்லை.

ஏரிக்கரையில் மரத்தை இழைக்காத வீடு கிடையாது. யோயோ வீசாத பிள்ளையும் கிடையாது. ஆனால் எலியூத்தேரியோ ஒருவர்தான். எதிர்வீட்டு ரேடியோவைத் தன் ஜன்னலில் நின்றபடி நிறுத்துவார். மகன் ஹெனெஸ் கப்பல் வேலைக்குக் கிளம்பிய நாளில், அவன் ஏறிய ஜீப்னி வண்டியை நோக்கி யோயோவை வீசினார். அது பின்கம்பியில் சிக்கி மணிலாவரை போயிற்று. மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது துறைமுகச் சேறு அதில் காயாமல் இருந்தது. மகன்தான் வரவில்லை.

அந்த எலியூத்தேரியோ சென்ற வாரம் கண்ணை மூடினார். சவப்பெட்டியை மூடுவதற்குள் ஹெனெஸ் வந்து சேர்ந்துவிட்டான். அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்த மூத்த மகள் பெலாஹியா தம்பிக்குக் கஞ்சி ஊற்றினாள், துண்டு எடுத்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஹெனெஸோடு வந்த அவன் மனைவி லிகாயா, வயிற்றில் நிறைமாதத்தோடு, பெட்டி இருந்த கூடத்துக்கே வராமல் உள்ளறையில் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போன வயிறு.

இனி, அடக்கம் நடந்த நாள்.

விடிந்ததும் பெட்டியை மூட வேண்டும். அப்பாவின் விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. பெலாஹியா கத்தரியைக் கையில் எடுத்தாள். போகிறவர் கையில் முழுநூல் இருந்தால் அவர் தனியாகப் போகமாட்டார். வீட்டில் இன்னொருவரையும் அதே நூலில் இழுத்துக்கொண்டு போவார். அதனால் மூத்த பெண் அதை வெட்டிவிட வேண்டும். வெட்டினாள். இரண்டு மணிகள் கழன்று அப்பாவின் சட்டைமேல் உருண்டன. கூடியிருந்தவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

அடுத்தது யோயோ. வேங்கை மரத்தில் அவரே கடைந்தது. அது தன் கையோடு வர வேண்டும் என்று கேட்டிருந்தார். நடுவிரலில் சுருக்கு மாட்டி, நூலை இறுக்கிச் சுற்றி, உள்ளங்கைக்குள் வைத்திருந்தார்கள்.

"அதையும் வெட்டிரு அக்கா," என்றான் ஹெனெஸ். வந்த பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

பெலாஹியா குனிந்தாள். அவள் முதுகு எல்லோரையும் மறைத்தது. சுருக்குக்கும் யோயோவுக்கும் நடுவே கத்தரியைக் கொண்டுபோனாள். அப்பாவின் விரல் எப்போதும்போல லேசாக மடங்கியிருந்தது, இப்போதே யோயோவைத் தூக்கிவிடப் போவதுபோல.

கத்தரி சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அது வெட்டியது காற்றை.

மூடியைச் சாத்தினார்கள்.

மேட்டிலிருந்த கல்லறைத் தோட்டத்தில், பெட்டிகளைச் செருகி மூடும் அடுக்கறைச் சுவரின் இரண்டாம் தட்டில் பெட்டி உள்ளே போனது. கொத்தனார் பெக்தோ கல் அடுக்கி, சிமெண்டு பூசி, கரண்டியால் மினுக்கி, இரண்டடி பின்னால் நகர்ந்து தன் வேலையைத் தானே ரசித்தார். ஊர் இறங்கி வந்தது.

வீட்டு வாசலிலேயே லிகாயாவின் குரல் கேட்டது.

வலி முந்தின மாலையே தொடங்கிவிட்டதாம். பெட்டி வீட்டில் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். மருத்துவச்சி ஓசாங்கை ஊர்வலத்திலிருந்தே இழுத்து வந்தார்கள். ஓசாங் கை கால் கழுவி, உடை மாற்றி, வயிற்றில் கை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"எறங்க மாட்டேங்குது," என்றாள். "கொடி கழுத்தைச் சுத்தியிருக்குன்னு என் கை சொல்லுது."

"நல்லாப் பாத்துச் சொல்லு," என்றான் ஹெனெஸ். "கை தப்பாச் சொல்லலாம்ல?"

"இந்தக் கை ஒரே ஒரு தடவதான் தப்புப் பண்ணுச்சு. என் புருஷனப் பிடிச்சப்ப."

யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி இருந்த ஊருக்குப் போகும் பாலம் போன புயலில் விழுந்திருந்தது. சுற்றிப்போனால் பொழுது சாய்ந்துவிடும். அவ்வளவு தூரம் இவளை அசைக்கவே கூடாது என்றாள் ஓசாங்.

"அப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றதுன்னு கேக்குறியே, ஊர்ல பொறக்கலயா நீ? மூடுனத எல்லாம் தெற. கட்டுனத எல்லாம் அவுரு. கெளம்பு!"

வீடு கிளம்பியது. கதவுகள், பெட்டிகள், அரிசிப் பானை, உப்பு ஜாடி, எல்லாம் திறந்தன. தொட்டிலூஞ்சலை அவிழ்த்தார்கள். கொடிக்கயிற்றை அவிழ்த்தபோது நேற்றுத் துவைத்த வெள்ளைத் துணிகள் சேற்றில் படுத்தன. சண்டைச்சேவலின் கால்கட்டை அவிழ்த்தார்கள். அது ஒரு நொடி நம்பாமல் நின்றுவிட்டு, அடுத்த தெருவில் போய்க் கூவியது. சாவுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர்கள் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு, பாதி உடுத்தியவர்கள் மாதிரி பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் ஒருவர் தட்டைப் பார்த்துத் திகைத்தார். பன்சித். முழ நீளத்துக்கு நூடுல்ஸ்.

"இத வெட்டணுமா?"

"பன்சித்த வெட்டுனா ஆயுசு கொறையும்யா!"

"வெட்டலேன்னா கொடி அவிழாதே!"

ஆண்கள் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து அதைத் தின்று தீர்த்தார்கள். ஆயுசுக்கும் கெடுதல் இல்லை, கொடிக்கும் தடை இல்லை.

உள்ளே லிகாயாவின் குரல் ஏறியது, உடைந்தது, மறுபடி ஏறியது. ஓசாங் வாசல் திரைக்கு வெளியே தலையை நீட்டினாள். முகத்தில் கேலி எதுவும் மிச்சமில்லை.

"இன்னும் ஏதோ ஒண்ணு கட்டியே கெடக்கு இந்த வீட்டுல. அவுக்காத முடிச்சு, வெட்டாத நூலு... யோசிங்க. யாருக்காவது தெரியும்."

அடுப்பருகே நின்ற பெலாஹியாவின் கையிலிருந்த கரண்டி சட்டியில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

யோசிக்க என்ன இருக்கிறது? அவளுக்குத் தெரியும். சொன்னால் இந்தத் தெருவில் அவள் தலை நிமிர முடியாது. சொல்லாவிட்டால், அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிற குழந்தை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது. லிகாயா மறுபடி கத்தினாள்.

"ஹெனெஸ். பின்பக்கம் வா."

பன்றிக்கூண்டின் பக்கத்தில் நின்றார்கள். கூண்டும் திறந்திருந்தது, பன்றி மட்டும் வெளியே வரவில்லை. அதற்குத் தன் வீடு பிடித்திருந்தது.

"அந்த நூல நான் வெட்டல," என்றாள்.

"எந்த நூல?"

 நடுவிரலை மட்டும் லேசாக மடக்கிக் காட்டினாள். 

"கத்தரிச் சத்தம் கேட்டுச்சே! என் காதால கேட்டேனே!"

"உனக்குக் கேட்டுச்சு. நூலுக்குக் கேக்கல."

அடித்துவிடுவான்போலக் கை ஓங்கியது. ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த கத்தரியை உருவிக்கொண்டு நடந்தான். பெலாஹியா அவன் பின்னாலேயே ஓடினாள்.

உச்சி வெயில். மேட்டுப் பாதை முழுக்கச் செதுக்குப் பட்டறைகள். கைகள் இன்னும் பொருத்தப்படாத மரப் புனிதர்கள் வரிசையாக நின்று இருவரும் போவதைப் பார்த்தார்கள். 

"ஏன்க்கா?" என்றான் ஹெனெஸ், திரும்பாமலே.

"என்ன ஏன்?"

"எனக்கு ஒரு புள்ள பொறந்துரக் கூடாதுன்னா?"

"வாயக் கழுவு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "புள்ளைய நான் நெனைக்கவே இல்ல. அதாண்டா நான் பண்ண தப்பு. நூல வெட்டுனா இனிமே வராதீங்கன்னு அர்த்தம். அத என் கையால அவருக்கு எப்படிச் சொல்றது? காலைல காபி, மத்தியானம் மீனு, ராத்திரி கால் அமுக்கணும். நாளைக்கு எந்திரிச்சு நான் யாருக்கு அடுப்புப் பத்த வைக்க?"

"ஆவியா வந்தாலும் பரவால்லங்கிறியா?"

"ஆவிக்குக் காபி ஆறாம பாத்துக்குவேன்."

அவன் நின்று திரும்பினான். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவன் முகத்துக்கே தெரியவில்லை.

"நான் போனப்ப நீ அப்படி நெனைச்சியாக்கா? ஒரு நாளாவது?"

"உனக்கு யாரு நூலு கட்டுனா? நீதான் அறுத்துக்கிட்டுப் போன ஆளு."

"இப்ப வந்திருக்கேன்ல."

"அவரு செத்தாத்தான் நீ வருவேன்னு தெரிஞ்சிருந்தா, அவரு முன்னாடியே செத்திருப்பாரு."

 ஒரே ஒரு இடத்தில், படி உடைந்திருந்த இடத்தில், ஹெனெஸ் கையை நீட்டினான். அவள் பிடித்து ஏறினாள். ஏறியதும் விட்டுவிட்டாள்.

பெக்தோ ஒரு கல்லறைமேல் தொப்பியால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். எழுப்பி விஷயத்தைச் சொன்னதும், மறுபடி படுக்கப் பார்த்தார்.

"காலைல பூசுன பூச்சும்மா அது. கன்னம் மாதிரி இருக்கு, தடவிப் பாரு. இத ஒடைக்கச் சொல்றியே, உனக்கு மனசு வருதா?"

"ஒடைங்க."

"சாமியாரக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்பாரு," என்றான் ஹெனெஸ்.

"அப்ப கேக்காம இருக்கறதுதான் அவருக்கு மரியாதை." பெக்தோ சுத்தியலைத் தேடினார். "சரி, ஒங்கப்பா வெளிய வந்தா?"

"வந்தா கஞ்சி ஊத்துறேன்," என்றாள் பெலாஹியா.

பெக்தோ அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு முதல் அடி அடித்தார்.

சிமெண்டு இன்னும் உள்ளே ஈரம். கற்கள் பல் பிடுங்குவதுபோல ஒவ்வொன்றாக வந்தன. பெட்டியை முழுதாக வெளியே இழுத்து, ஒரு முனையை ஏணியின்மீதும் மறுமுனையை ஹெனெஸின் தோளின்மீதும் தாங்கவைத்தார்கள். பெலாஹியா ஒரு கல்லறைமேல் ஏறி நின்று மூடியைத் தூக்கினாள்.

அப்பா அப்படியேதான் இருந்தார். கை மட்டும் காலியாக இருந்தது.

உள்ளங்கையில் வைத்த யோயோ அங்கே இல்லை. நடுவிரலிலிருந்து நூல் முழு நீளத்துக்கு ஓடி, வேட்டியைப் போல வழிந்த வெள்ளைத் துணிமேல் நேராகப் போய், கால்மாட்டில் முடிந்தது. அங்கே யோயோ ஒருக்களித்துக் கிடந்தது.

"வீசியிருக்காரு," என்றார் பெக்தோ. சுத்தியல் கையிலிருந்து நழுவியது.

"நீங்க பெட்டிய சாச்சு ஏத்துனீங்க. உருண்டிருக்கும்," என்றான் ஹெனெஸ். தோளில் பெட்டி நடுங்கியது.

"நான் ஏத்துனா பெட்டி சாயாது தம்பி. இந்த மலையில எவன வேணாலும் கேளு." கீழே கிடந்தவர்களைச் சுற்றிக் காட்டினார். "ஒரு புகார் வந்ததில்ல."

பெலாஹியாவுக்குச் சந்தேகமே இல்லை. வீசியிருக்கிறார். திரும்ப வரவில்லை. தூக்கிவிட விரலில் பலம் இல்லாமல் போயிருக்கிறது. இருட்டில், தனியாக, இழுத்து இழுத்துப் பார்த்திருப்பாரோ? அப்படி இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும் கீழே வீட்டில் லிகாயாவின் வயிற்றுக்குள்... அவள் கண்ணை இறுக்கி மூடினாள்.

கண்ணீர் பெட்டிக்குள் விழக்கூடாது. விழுந்தால் போகிறவருக்குப் பாதை வழுக்கும். அவள் முகத்தை வானத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டாள். வெயில் கண்ணுக்குள் இறங்கியது.

"விடுக்கா, நான் வெட்டுறேன்," என்றான் ஹெனெஸ் மெதுவாக.

"வேணாம். ஏமாத்துனது நான்."

"ரெண்டு பேரும் சேந்து..."

"ஒன் தோள எடுத்தா அவரு விழுந்துருவாரு. நீ தாங்கு. அது போதும்."

கத்தரியை வாங்கினாள். நூல் அவர் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, மெழுகு ஏறி, மெல்லிய கம்பிபோல இருந்தது. அந்த மடங்கிய விரலைத் தன் இடக்கையால் பிடித்தாள். சில்லென்று இருந்தது. சூடு வரும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அது வராது என்பதும் கூடவே தோன்றியது.

"லிகாயாவுக்கு வலிக்குதுப்பா," என்றாள். பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "விட்டுருங்க. எனக்கும் நீங்க வர வேணாம். அடுப்பு நான் பாத்துக்கிறேன். போங்கப்பா."

வெட்டினாள்.

இந்த முறை கத்தரி சத்தமே போடவில்லை. நூல் மட்டும் ஒரு முறை சுண்டி, நீளமாகத் தளர்ந்தது.

அந்தச் சுண்டலில் கால்மாட்டிலிருந்த யோயோ எழுந்து நின்றது. பெட்டியின் விளிம்பில் ஏறி, ஏணியின் ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டி இறங்கி, கல்லறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து உருண்டது. அறுந்த நூல் வாலைப்போலப் பின்னால் போயிற்று. வாசல் கேட்டில் ஒரு கணம் நின்றது. பிறகு, நேராகப் போனால் ஏரி என்று தெரிந்ததுபோல, இடதுபக்கம் திரும்பி மறைந்தது. எலியூத்தேரியோ வீசிய எதுவும் நேராகப் போனதில்லை.

"தொரத்தட்டுமா?" என்றார் பெக்தோ.

"வேணாம்," என்றாள் பெலாஹியா.

மூடியைச் சாத்தினார்கள். பெட்டியை உள்ளே தள்ளியபோது ஹெனெஸின் தோளில் மர விளிம்பின் தடம் சிவந்திருந்தது. அவன் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா. கப்பலுக்கு நான் எப்பத் திரும்பணும்னு இன்னும் ஒங்கிட்டச் சொல்லல. நான் என்ன நெனைச்சேன்னா..."

"இப்பச் சொல்லாத." அவள் முகம் இன்னும் வானத்தையே பார்த்திருந்தது. "சுவரு மூடற வரைக்கும் எதுவும் சொல்லாத. அழுதுருவேன்."

 பெக்தோ கல்லை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அக்கா ஒரு கல், தம்பி ஒரு கல் என்று எடுத்துக் கொடுத்தார்கள். கடைசிக் கல் வைத்ததும், நேரே வீட்டுக்குப் போனால் போனவரும் கூட வந்துவிடுவார் என்பதால், வழியில் சோடாக் கடையில் நின்று ஆளுக்கு ஒரு சோடா குடித்தார்கள். ஹெனெஸ் அவசரமாகக் குடித்ததில் பாதி சட்டையில் கொட்டியது. பெலாஹியா முந்தானை போலப் போட்டிருந்த கறுப்புத் துணியால் அதைத் துடைத்துவிட்டாள். பிறகு இருவரும், வாழ்நாளில் முதல் முறையாகச் சேர்ந்து, வீட்டைப் பார்த்து ஓடினார்கள்.

லிகாயாவுக்குப் பெண் குழந்தை, பெக்தோவை அவர்கள் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கு வெகு நேரம் முன்பே, கழுத்தில் கொடி எதுவும் இல்லாமல் சுகமாகப் பிறந்திருந்தது.